நீடில் மாற்றியும் நிற்காத பெட்ரோல் கசிவு: கோளாறு கார்புரேட்டரிலா, டேங்கிலா?

தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து மீன் வியாபாரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன். அவரிடம் இருப்பது 2011-ஆம் ஆண்டு வாங்கிய நூறு சிசி மோட்டார் சைக்கிள். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருவாடானைப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சென்று விற்றுவிட்டு, மதியம் வீடு திரும்பியதும் மீன் வாடை போக வண்டியை மோட்டார் தண்ணீரில் கழுவி நிறுத்துவது வழக்கம். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலத்தில் வரத்து குறைந்ததால் வண்டி ஏறக்குறைய இரண்டு மாதம் ஓரமாக நின்றிருக்கிறது. மறுபடி எடுத்தபோது என்ஜினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டரின் அடியிலுள்ள சிறு குழாய் வழியாகப் பெட்ரோல் சொட்டத் தொடங்கியது. உள்ளூர் மெக்கானிக், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசியான நீடிலை இரண்டு முறை மாற்றினார். ஒவ்வொரு முறையும் பத்து நாள் போலச் சரியாக இருந்து, மீண்டும் சொட்டியது. “கார்புரேட்டரே போய்விட்டது” என்று அவர் கைவிரித்த பின், இணையத்தில் 1,400 ரூபாய்க்குப் புதியது வாங்கி மாட்டியிருக்கிறார். ஒரு வாரத்தில் அதுவும் சொட்டியது. மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று விற்றவர் மறுத்துவிட்டார்.

வெறுத்துப்போன வாசகர், சொட்டுகிற குழாயின் வாயில் ஒரு திருகாணியைச் செருகி அடைத்துவிட்டார். சொட்டு நின்றது. “இப்போது என்ஜின் ஆயிலும் குறைவதில்லை, அளவு சற்று ஏறியே இருக்கிறது, காலையில் கிக்கர் மட்டும் கனமாக இருக்கிறது” என்று எழுதுகிறார். திருட்டுக்குப் பயந்து இரவில் வண்டியைச் சமையலறையை ஒட்டிய கீற்றுக் கொட்டகைக்குள் நிறுத்துகிறார். பெட்ரோல் வாடை தாங்கவில்லை என்று வீட்டில் சத்தம். எல்லாவற்றுக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமா, மெக்கானிக்கிடமும் இணையத்தில் விற்றவரிடமும் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். வியாபாரத்துக்கு ஓட்டும் வண்டி என்பதால் நுகர்வோர் நீதிமன்றம் ஏற்காது என்று நண்பர் ஒருவர் சொன்னாராம்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் போகுமுன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைப் படித்ததும் அந்தத் திருகாணியை எடுத்துவிடுங்கள்.

ஆயில் ஏறுவது நல்ல செய்தி அல்ல

கார்புரேட்டரின் கப்பில், அதாவது அடியிலுள்ள சிறு கிண்ணத்தில், பெட்ரோல் ஒரு மட்டத்துக்கு வந்ததும், மிதவை மேலெழுந்து நீடிலைத் தள்ளி வழியை அடைக்கிறது. ஏதோ காரணத்தால் அது சரியாக அடைக்காவிட்டால் மட்டம் தொடர்ந்து ஏறும். அப்படி ஏறும் பெட்ரோல் பாதுகாப்பாக வெளியே போவதற்காகத்தான் கப்பின் நடுவில் ஓவர்ஃப்ளோ குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வாயை நீங்கள் அடைத்த பிறகு பெட்ரோல் வருவது நிற்கவில்லை, போகும் திசைதான் மாறியிருக்கிறது. என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கில் கசிந்து, கடைசியில் என்ஜின் ஆயிலோடு கலக்கிறது. ஆயில் மட்டம் ஏறியதற்கு நான் காணும் காரணம் இதுதான். தானாக ஆயில் கூடும் என்ஜின் எதுவும் கிடையாது.

ஆயில் அளவுகோலை வெளியே எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, விரலில் தொட்டால் வழவழப்பின்றித் தண்ணீர் போல ஓடினாலோ, அந்த ஆயிலோடு இனி ஒரு கிலோமீட்டரும் ஓட்டாதீர்கள். உங்கள் வண்டிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில்தான் தேவை. அந்தச் செலவுக்கு யோசித்தால், நீர்த்துப்போன ஆயிலில் பேரிங்கும் சிலிண்டரும் தேய்ந்து அதைப்போலப் பல மடங்கு கேட்கும். ஆனால் கசிவைச் சரிசெய்த பிறகே புது ஆயில் ஊற்ற வேண்டும்; இல்லாவிட்டால் அதிலும் பெட்ரோல் கலந்துவிடும். காலையில் கிக்கர் கனப்பது, சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். கிக்கர் பாதியில் நின்றால் ஏறி மிதிக்காதீர்கள். பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, பிளக் வயரைத் துளையிலிருந்து தள்ளி வைத்து, சாவியை ஆஃப் செய்து, மெதுவாக மிதித்து உள்ளே உள்ளதை வெளியேற்றுங்கள். அப்போது அருகில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது.

அடுத்தது கொட்டகை. உங்கள் வீட்டில் சத்தம் போடுபவர் சொல்வதே சரி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. வாடையாக மேலே கலைந்துவிடாமல் தரையோடு தரையாகப் பரவி, தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். பெட்ரோல் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும் வெப்பநிலை சுழியத்துக்கும் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் கீழே இருக்கிறது. எனவே நம் ஊர் வெயிலில்தான் ஆபத்து, இரவில் இல்லை என்று எண்ண வேண்டாம். நீங்கள் வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஒரு சுவர் தள்ளி விறகடுப்போ கேஸ் அடுப்போ எரிகிறது, மேலே கீற்று. கசிவு நிற்கும் வரை வண்டி வெட்டவெளியில்தான் நிற்க வேண்டும். திருட்டுப் பயத்துக்குச் சங்கிலியும் பூட்டும் போடுங்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். பற்றிய பெட்ரோலில் தண்ணீரை ஊற்றினால், எரியும் பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து பரவும்.

டேங்குக்கு அடியிலுள்ள டாப்பை, வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் மூடுவதை இன்றிலிருந்தே வழக்கமாக்குங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்து, ஒரு மில்லிக்கு நாற்பது சொட்டு என்று கணக்குப் போட்டாலும், எட்டு மணி நேர இரவில் அரை லிட்டருக்கு மேல் போகிறது. அது வெளியே சொட்டினாலும் நஷ்டம், என்ஜினுக்குள் இறங்கினாலும் நஷ்டம்.

உங்கள் கடிதத்திலேயே இருக்கும் விடை

இனி கசிவுக்கு வருவோம். கார்புரேட்டர் கசிவில் முதல் கேள்வி எந்த இடத்தில், எப்போது சொட்டுகிறது என்பதுதான். கப் மூடும் விளிம்பில் ஈரம் கண்டால் வாஷர். ரப்பர் குழாய் செருகும் முனையில் என்றால் குழாயோ கிளிப்போ. டாப்பை மூடி, குழாயைக் கழற்றி ஒரு குப்பிக்குள் தொங்கவிட்ட பிறகும் சொட்டினால் டாப்பே. இவை பார்த்தவுடன் தெரிந்துவிடும், விலையும் குறைவு. அடிக்குழாய் வழியாகச் சொட்டுவதுதான் ஆளை அலைக்கழிப்பது, உங்களுடையதும் அதுவே. சைடு ஸ்டாண்டில் மட்டும் சொட்டி, சென்டர் ஸ்டாண்டில் நின்றுபோனால் மிதவையின் மட்டம் சற்று உயரமாக இருக்கலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சில வண்டிகள் சாய்வில் அப்படித்தான் இரண்டு சொட்டு விடும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் என் கண்ணில் பட்டன. நீடில் மாற்றினால் பத்து நாள் நன்றாக இருந்து மீண்டும் கசிகிறது. முற்றிலும் புதிய கார்புரேட்டரும் ஒரு வாரம் நன்றாக இருந்து அதே குழாயில் சொட்டுகிறது. நீடில் தேய்ந்ததுதான் காரணமாக இருந்தால், புது நீடில் பல மாதங்களாவது தாங்கியிருக்க வேண்டும். நீடில் உட்காரும் வளையமே பழுது என்றால், நீடில் மாற்றிய அன்றே மறுபடி சொட்டியிருக்கும். சில நாள் சரியாக இருந்து பிறகு சொட்டுவது, புதிதாக வந்து உட்காரும் ஏதோ ஒன்றின் வேலை. அது கார்புரேட்டருக்கு மேலேயிருந்து, அதாவது டேங்கிலிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன். நீடிலின் கூம்பு முனை உட்காரும் வளையத்தில் மணலை விடச் சிறிய துருத் துணுக்கு ஒன்று சிக்கினாலே போதும், மிதவையால் அதை அழுத்தி அடைக்க முடியாது. கப்பைக் கழற்றும்போதெல்லாம் உங்கள் மெக்கானிக் எல்லாவற்றையும் கழுவித்தான் மாட்டியிருப்பார். அந்தப் பத்து நாள் நிம்மதி புது நீடில் தந்ததா, கழுவியது தந்ததா என்பதை அவர் யோசித்திருக்க வேண்டும்.

துரு வர உங்கள் பக்கத்தில் காரணத்துக்குப் பஞ்சமில்லை. உப்புக் காற்றில் வண்டி இரண்டு மாதம் நின்றது; டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் தகட்டில் வியர்த்து, பெட்ரோல் மட்டத்துக்கு மேலேயுள்ள பகுதி முதலில் துருப்பிடிக்கும். அதோடு தினமும் மோட்டார் குழாயை வைத்துப் பீய்ச்சிக் கழுவுகிறீர்கள். பெட்ரோல் மூடியைத் திறந்து, அதன் உட்புற ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல் போல இறுகி, வெடிப்பு விட்டிருந்தால், கழுவும் தண்ணீர் அந்த வழியாகவே இறங்குகிறது. மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தேங்கும் நீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும்; அதில் மீன் செதிலும் மண்ணும் அடைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

ஒரு கண்ணாடிக் குப்பி, ஒரு முழம் தெளிவான குழாய்

ஊகத்தின் மேல் இனிப் பணம் போட வேண்டாம். வெட்டவெளியில், என்ஜின் ஆறிய பிறகு, கப்பின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, உள்ளே இருப்பதைக் கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், பழுப்புத் துகள்கள் அடியில் படிவது தெரியும். தண்ணீர் இருந்தால் தனி அடுக்காகக் கீழே நிற்கும். டாப்பிலிருந்து நேராகவும் இப்படிக் கொஞ்சம் பிடியுங்கள். டாப்பின் உள்முனையில் ஒரு சல்லடை இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் அது கிழிந்தோ, ‘பெட்ரோல் சரியாக வரவில்லை’ என்று யாராவது பிடுங்கியெறிந்தோ இருப்பது சாதாரணம்.

மட்டத்தை அறிய, மெக்கானிக்குகள் மருந்துக்கடை சலைன் ட்யூப் போன்ற தெளிவான குழாயைப் பயன்படுத்துவார்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அடிக்குழாயின் முனையில் அதைச் செருகி, மறுமுனையைக் கார்புரேட்டரின் பக்கவாட்டில் மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு வடிகால் திருகைத் திறந்தால், கப்புக்குள் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்தில் குழாயிலும் நிற்கும். கப் மூடும் விளிம்புக்குச் சற்றுக் கீழே அது நின்றுவிட்டால் நீடிலும் மிதவையும் தம் வேலையைச் செய்கின்றன என்று பொருள். நிற்காமல் விளிம்பைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அவை அடைக்கவில்லை.

மட்டம் சரியாக இருந்தும் திருகை மூடிய பின் அடியில் சொட்டுகிறதா? அப்படியானால் பலரும் கவனிக்காத ஒன்றைப் பார்க்க வேண்டும். கப்பின் நடுவில் நிற்கும் பித்தளைக் குழாயில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால், எத்தனை நீடில் மாற்றினாலும் கசிவு நிற்காது. கப்பைத் தனியே கழற்றி, குழாயின் வாய்க்குக் கீழே வரை பெட்ரோல் ஊற்றி, காய்ந்த காகிதத்துக்கு மேல் பிடித்திருங்கள். முழுவதும் வடிந்துபோனால் பெரும்பாலும் வடிகால் திருகின் ரப்பர் வளையம். பாதி வரை வடிந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால், விரிசல் அந்த உயரத்தில் இருக்கிறது. குழாயின் அடியிலேயே விரிசல் இருந்தால் மட்டும் இரண்டையும் பிரித்தறிவது கடினம். அப்போது வளையத்தை முதலில் மாற்றிப் பார்ப்பதே சிக்கனம்.

உங்கள் பழைய கார்புரேட்டரைத் தூக்கி எறியவில்லை என்று நம்புகிறேன். அதன் நீடிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள்: கறுப்பு ரப்பர் முனையில் நகம் தடுக்கும்படி ஒரு வளையப் பள்ளம் விழுந்திருந்தால் அது தேய்ந்தது. அதன் தலையில் உள்ள சிறு கம்பி அழுத்தினால் உள்ளே போய்த் துள்ளித் திரும்ப வேண்டும். கடையில் விற்கும் ரிப்பேர் கிட்டில் வரும் நீடிலைப் பழையதோடு சேர்த்து வைத்து நீளத்தைப் பாருங்கள்; வேறு மாடல் வண்டிக்கானது பார்வைக்கு ஒன்று போலவே இருந்து, சிறு நீள வித்தியாசத்தில் மட்டத்தை மாற்றிவிடும். மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் ததும்பும் ஓசை கேட்கக் கூடாது. உட்காரும் வளையத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்தால் போதும். ஊசியோ கம்பியோ விட்டுச் சுரண்டினால் அந்தக் கீறலே புதிய கசிவாகும். எல்லாம் முடிந்ததும், கப் இல்லாத கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் நுழையும் முனையில் ஒரு சுத்தமான குழாயைச் செருகி வாயால் ஊதுங்கள். மிதவை தன் எடையால் நீடிலின் மேல் படிந்திருக்கையில் காற்று போகக் கூடாது; மிதவையை விரலால் தூக்கினால் தாராளமாகப் போக வேண்டும்.

டேங்கில் துரு உறுதியானால், அதைக் கழற்றி, காலி செய்து, வாடை போகும் வரை அலசிய பிறகு, வெள்ளை வினிகரை நிரப்பி ஓரிரு நாள் ஊறவிடலாம். பின் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, உச்சி வெயிலில் உடனே உலர்த்தி, ஈரம் முற்றிலும் போனதும் பெட்ரோல் நிரப்புங்கள். ஒரு நாள் சும்மா வைத்தாலும் புதுத்துரு பூத்துவிடும். அடியில் ஊசித்துளை விழுந்திருந்தால், பெட்ரோல் இருந்த டேங்கைத் தெருமுனை வெல்டிங் கடைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். டாப்புக்குப் புதுச் சல்லடை போட்டு, டாப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு சிறு ஃபில்டரையும் அம்புக்குறி கார்புரேட்டரை நோக்கும்படி மாட்டுங்கள். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பம்ப் வைத்த வண்டிகளுக்கான நெருக்கமான ஃபில்டர் வேண்டாம். உங்கள் வண்டியில் பெட்ரோல் தானாக இறங்குவது, அந்த நெருக்கத்தில் அது போதுமான அளவு வராது.

எத்தனால் பற்றி

எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, பின்னர் நாடெங்கும் பரவியது. உங்களுடையது அதற்காக வடிவமைத்த வண்டி அல்ல. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீர் ஓர் அளவைத் தாண்டினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கி, டேங்கையும் கப்பையும் அரிக்கும். பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் அதில் ஊறி உப்பவோ வெடிக்கவோ செய்யும். ஆக உங்கள் துருவுக்கு அதுவும் ஒரு கை கொடுத்திருக்கலாம். ஆனால் அதே பெட்ரோல் பங்கில் அதே பெட்ரோல் போடும் பழைய வண்டிகள் பல கசியாமல் ஓடுகின்றன. உங்களால் மாற்ற முடியாத பெட்ரோலைவிட, மாற்ற முடிந்த மூடி ரப்பரையும், நிறுத்தி வைக்கும் பழக்கத்தையும் கவனிப்பதே பயன் தரும். அடுத்த தடைக்காலத்துக்கு முன் டேங்கை நிரப்பி, டாப்பை மூடி, கப்பில் உள்ளதை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

நான் வழக்கறிஞர் அல்ல. பட்டறையில் இந்தத் தகராறுகளைப் பார்த்துப் பழகிய அளவில் சொல்கிறேன். உங்கள் நண்பர் சொன்னது முழுதும் சரியல்ல. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரை அது அந்த விலக்கில் சேர்க்கவில்லை. ஒரே வண்டியில் தானே ஓட்டி மீன் விற்கும் நீங்கள் அந்த வரையறைக்குள் வருவீர்கள் என்றே கருதுகிறேன். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின்வணிக விதிகளும் கூறுகின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். அதற்குப் பலன் இல்லாவிட்டால் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் இல்லை, காலவரம்பு இரண்டு ஆண்டு.

ஆனால் உரிமை இருப்பது வேறு, பொருள் குறைபாடுடையது என்று காட்டுவது வேறு. உங்கள் டேங்கின் துரு புது கார்புரேட்டரில் போய்ச் சிக்கியிருந்தால், விற்றவர் மேல் குற்றம் இல்லை. அவர் அதைத்தான் சொல்வார். ஆகவே அந்தக் கார்புரேட்டரைச் சுத்தமாகக் கழுவி, டேங்கைத் தொடாமல், தனிக் குப்பியிலிருந்து வடிகட்டிய புதுப் பெட்ரோலைக் குழாய் மூலம் கொடுத்து, வெட்டவெளியில் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். சொட்டவில்லை என்றால் பொருள் நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் சொட்டினால் அதைக் கைபேசியில் காணொளியாக எடுத்து, பில்லோடு சேர்த்து விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

மெக்கானிக்கைப் பொறுத்தவரை, வழக்கு என்று கிளம்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். அவர் காரணத்தைத் தேடாமல் பாகத்தை மாற்றினார். அது சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். ஆனால் கையில் பில் இல்லாமல், இரண்டு நீடிலின் விலைக்காக அலைவதைவிட, குப்பியில் பிடித்த துருவை அவரிடம் காட்டி, டேங்கைக் கழற்றி மாட்டும் கூலியை வாங்காமல் செய்து தரச் சொல்லிப் பாருங்கள். சிறு ஊரில் நாளைக்கும் அவரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

இணையத்தில் வாங்கியதைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தால், கப்பில் உள்ள பெட்ரோலை முழுவதும் வடித்து, ஓரிரு நாள் காற்றாட உலர்த்திய பிறகே பொட்டலம் கட்டுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கூரியர்காரர்கள் அதை வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது.